பென்சிலில் நின்ற பெயர்

என் இரத்த அழுத்தத்தை அந்த அம்மையார் மூன்று முறை அளந்தார். பிஸ்கட்டவேயில் என் மகன் வீட்டின் கீழ்த்தளத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை முதியோர் சிலர் கூடிப் பதிகம் ஓதுவது வழக்கம். ஓதி முடித்ததும் பக்கத்துத் தெருவிலிருந்து அவர் வந்து, எங்கள் கைகளில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, ஆளுக்கொரு அட்டையில் எண்ணைக் குறித்துக் கொடுப்பார். ஓய்வுபெற்ற செவிலியர், கிறிஸ்தவர். ஓதல் முடியும்வரை மாடிப்படியில் அமர்ந்து, கைகளை மடியில் கோத்தபடி காத்திருப்பார்.

"எப்பவும் நூத்திமுப்பதுதாம்மா இருக்கும். அதையே போட்டுருங்க" என்றேன் அந்த முதல் நாளில்.

"எப்பவும் என்ன இருக்கும்னு நான் கேக்கல அண்ணாச்சி. இப்ப உங்க கை என்ன சொல்லுதுன்னு பாக்கேன்."

கை நூற்றைம்பத்தெட்டு என்றது. நம்பாமல் இரண்டாம் முறை அளந்தார்; பிறகு மற்றக் கையில் மூன்றாம் முறை. அதன் பின்னரே பேனாவைத் திறந்தார்.

அவருடைய ஊர் பாளையங்கோட்டை. நான் தாமிரபரணியின் அக்கரை. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்தபின் அந்த ஆறு எங்களிடையே மிகச் சிறிதாகி, அவர் என்னை அண்ணாச்சி என்றழைக்கலானார். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. நான் எழுதுவதில் எது சரி, எது பிழை என்று ஒத்துப் பார்த்துச் சொல்ல அவர் இன்று இல்லை. ஒத்துப் பார்க்காத எதன் கீழும் தம் பெயர் இருப்பதை அவர் விரும்பியவரல்லர்.

கண்ணால் காணாததை அவர் மையால் எழுத மாட்டார். இதைக் கொள்கை என்று சொல்லிவிட முடியாது. உடம்போடு வந்த கூச்சம் போன்றது. மருத்துவமனையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்ததால் வந்ததா என்று ஒருமுறை கேட்டேன். "குடுக்காத மருந்தைக் குடுத்தேன்னு சார்ட்ல எழுதுனா ஒருத்தர் செத்துப் போவாக. குடுத்த மருந்த எழுதாம விட்டா அடுத்த நர்ஸ் மறுபடி குடுப்பா, அப்பவும் செத்துப் போவாக" என்றார். உடன் வேலை செய்த தோழி ஒருத்தி, கொடுக்காத மாத்திரைக்கு நேரே கையெழுத்திட்டதை மேலிடத்தில் சொன்னவரும் இவரே. அந்தத் தோழி பிறகு இவரோடு பேசவில்லை. இவரும் பேசும்படி கேட்கவில்லை.

இங்குள்ள தமிழ்ப் பெண்கள் அவரைத் தங்கள் கூட்டங்களுக்கு அழைக்கத் தயங்கியதற்கும் இதுவே காரணம். என் மருமகள் சென்னையில் பிறந்து வளர்ந்தவள். நகைச்சுவை உணர்வு உள்ளவள். அவள் சொன்னாள்: "அந்த ஆன்ட்டி வந்தா ஒரு காசிப், வம்பு எதுவும் பேச முடியாது மாமா. எடிசன் டவுன்ல யாரோ டிவோர்ஸ் அப்ளை பண்ணிட்டாங்கன்னு ஆரம்பிச்சா, 'நீங்க பாத்தீங்களா'ன்னு கேக்கறாங்க. அப்புறம் எல்லாரும் சமோசாவையே பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

அவர் கணவர் இந்நாட்டவர். அஞ்சல் நிலையத்தில் பணிபுரிந்தவர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, ராரிட்டன் ஆற்றங்கரையில் காடு திருத்தி மாவு ஆலை நிறுவிய ஜோசப் என்னும் குடியேறியின் வழியில் ஒன்பதாம் தலைமுறையினர் என்று கணவரின் தந்தை சொல்லியிருந்தார். வாய்மொழியாகச் சொன்னாரேயன்றி, ஒரு தாளும் தரவில்லை. அந்தக் குடியேறியும் அவர் வழிவந்தோரும் அடங்கிய சிறு கல்லறைத் தோட்டம் ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. அங்கே புல் வெட்டும் ஆள் வராத கோடைகளில் இவர் கணவரே சனிக்கிழமைதோறும் சென்று வெட்டினார். இறக்கும் தறுவாயில் அவர் மனைவியிடம் வேண்டியது ஒன்றுதான்: என் மனிதர்கள் இருக்கும் இடத்தில் என்னை வை.

அத்தோட்டத்தைக் காத்துவரும் அறக்குழுவினர் தீயவர்கள் அல்லர். ஆனால் விதி ஒன்று இருந்தது. ஜோசப்பிலிருந்து அடக்கம் செய்யப்படுபவர்வரை ஒவ்வொரு தலைமுறைக்கும், இன்னார் இன்னாரின் மகன் என்று காட்டும் தாள் வேண்டும். தாள் இல்லையேல் இடமில்லை. வேறோரிடத்து மண்ணில் வைத்துவிட்டு, தாள் கிடைத்தபின் தோண்டி எடுப்பதை அந்த அம்மையாரால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. எனவே கணவரை எரியூட்டச் செய்து, சாம்பலை ஒரு பெட்டியில் பெற்று, உணவு மேசைக்கு எதிரே அலமாரியின் மேல்தட்டில் வைத்துக்கொண்டார். நான் அவரை அறிந்தபோது அந்தச் சாம்பல் அங்கே வந்து இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது.

நான் நாள்தோறும் நீறு பூசுகிறவன். எல்லா உடம்பும் முடிவில் இதுவே என்று நெற்றியில் எழுதிக்கொண்டு நடக்கிறவன். ஆயினும் ஒரு வீட்டின் அலமாரியில் மனிதச் சாம்பல் காத்திருப்பதைக் கண்டபோது காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஆத்துல விட்டுரலாமேம்மா" என்றேன். "ராரிட்டன் பக்கத்துலதான ஓடுது. எந்த ஆறானாலும் கடைசில கடலுக்குத்தான் போகும்."

"உங்களுக்கு அது சரி அண்ணாச்சி. அவுக கேட்டது ஆத்த இல்லயே."

பதிவுத் துறையில் நான் முப்பத்துமூன்று ஆண்டுகள் இருந்தவன். சார்பதிவாளராக ஓய்வு பெற்றேன். ஒரு காணியின் மூலப்பத்திரத்தைத் தேடி நான்கு தலைமுறை பின்னோக்கிப் போவது எனக்குக் கைவந்த பணி. இதை அறிந்தபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. அன்று முதல் வாரத்தில் இரு நாள் அவர் காரில் ஏறிக்கொண்டு கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் ஆவண அறைக்கும், பல்கலைக்கழக நூலகத்துக்கும், பழைய தேவாலயங்களின் பின்கட்டுகளுக்கும் சென்றுவந்தேன். பழைய ஏடுகளைப் படம்பிடித்த மைக்ரோஃபிலிம் சுருளை அவர் சுழற்றுவார்; நான் படிப்பேன். முந்நூறாண்டு முந்தைய கையெழுத்து முதலில் எறும்புச் சாரையாகத் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தரும் தத்தம் சோம்பலோடும் அவசரத்தோடும் எனக்குப் பழகிவிட்டார்கள். எழுத்தர்கள் எந்த நாட்டிலும் ஒரே சாதி.

அவர் வீட்டு மேசையில் ஒரு பெரிய தாள் விரிந்திருக்கும். மேலே ஜோசப், அடியில் தம் கணவர். இடையே பெயர்கள், கோடுகள். கண்ணால் கண்ட ஆவணம் உள்ள கோடு கறுப்பு மையில் இருக்கும். பிறர் சொன்னதும் நாமாகக் கருதியதும் பென்சிலில் இருக்கும். நான் சேர்ந்த ஓராண்டுக்குள் எட்டில் ஏழு கோடுகள் மையாகிவிட்டன. குடியேறி ஜோசப்பின் மகன் வில்லியம் என்பதற்கு உயில் கிடைத்தது. கீழே, மூன்றாம் தலைமுறையில் வைத்திருந்த உழவர் ஜோசப் முதல் அவர் கணவர் வரைக்கும் ஒவ்வொரு கண்ணிக்கும் தாள் கிடைத்தது. அந்த உழவர் ஜோசப், வில்லியமின் மகன்தானா? அந்த ஒரு கோடு மட்டும் பென்சிலில் நின்றது.

வில்லியமுக்கு ஜோசப் என்று ஒரு பிள்ளை பிறந்து ஞானஸ்நானம் பெற்றதற்குத் தேவாலயப் பதிவு இருந்தது. உழவர் ஜோசப் நிலம் வாங்கிய பத்திரத்தையும் நான் கண்டெடுத்தேன். அதன் நான்கெல்லையில் வடக்கும் கிழக்கும் வில்லியம் நிலம் என்றிருந்தது. எங்கள் அலுவலகத்தில் இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவோம்: தகப்பன் நிலத்திலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டு இது. மேலும், பாட்டனாரின் பெயர் பேரனுக்கு வந்திருக்கிறது. நம் ஊரில் இதற்கு மேலும் ஒரு சாட்சி வேண்டுமா?

"பேரும் தாத்தா பேரு, நெலமும் அப்பன் நெலம். மகன் இல்லாம வேற யாரும்மா?" என்றேன்.

"இருக்கலாம் அண்ணாச்சி."

"இருக்கலாம் இல்ல. அதுதான்."

"பக்கத்து வீட்டுக்காரரும் நெலம் வாங்கலாம். ஊரே ஜோசப்புன்னு பேரு வைக்குது. மகன்னு ஒருத்தன் எழுதியிருக்கணும், நான் பாக்கணும்."

அவர் கணவர் பரலோகத்தில் இருப்பதாக நம்புகிறாரா என்று ஒருநாள் கேட்டேன். இது கேட்கத் தகாத கேள்விதான். அவர் சினக்கவில்லை. "நம்புதேன். நம்புததுக்குப் பென்சில் போதும் அண்ணாச்சி" என்றார்.

இனி நான் எழுதப்போவது என் பிழை. எவ்வளவோ பதிகங்களை நெஞ்சில் வைத்திருப்பவன் என்று என்னைப் பிறர் மதிப்பதால் இதை மறைக்காமல் எழுத வேண்டியவனாகிறேன்.

அறக்குழு ஆண்டுக்கு ஒருமுறை விண்ணப்பங்களைப் பார்க்கும். அதற்காகத் தாளின் நகலெடுக்க இருவரும் நூலகத்துக்குச் சென்றோம். இரண்டாம் கோப்பு காரிலேயே தங்கிவிட்டதால் அதை எடுக்க அவர் வெளியே போனார். நான் நகலெடுத்தேன். கறுப்புக் கோடுகள் ஏழும் விழுந்தன. பென்சில் கோடு விழவில்லை. வில்லியமுக்கும் உழவர் ஜோசப்புக்கும் நடுவே வெற்றிடம். முந்நூறு ஆண்டுக் குடும்பம் ஒன்று அவ்விடத்தில் அறுந்து கிடந்தது. என் சட்டைப்பையில் பேனா இருந்தது. பென்சில் கோட்டின் மேலேயே, பிசகாமல், மையை ஓட்டினேன். மங்கியிருந்த 'மகன்' என்ற சொல்லையும் என் எழுத்தில் எழுதினேன். மீண்டும் நகலெடுத்து உறைக்குள் வைத்தேன். நகலில் விழவில்லை என்பதே நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். மூலத் தாளைச் சுருட்டிப் பையில் வைத்தேன்; இனிப் பத்திரமாக இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லி, பின்னர் அதை என் அறையிலேயே வைத்துக்கொண்டேன். அவர் கோப்போடு வந்தார்; விண்ணப்பத்தின் மேல்தாளில் கையெழுத்திட்டார்; உறையை ஒட்டினார். உள்ளே பார்க்கவில்லை. தம் வாழ்வில் பார்க்காமல் அவர் கையெழுத்திட்டது அந்த ஒன்றாகத்தான் இருக்கும். அவ்வளவு என்னை நம்பினார்.

இறைவனின் முடியைக் காணாமலே கண்டதாகச் சொன்ன பிரமனுக்குத் தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்ன கதையைச் சைவர் வீட்டுக் குழந்தைகூட அறியும். மணம் மிகுந்த மலர். பூசைக்கு ஆகாதென்று தள்ளுண்டது. அந்தக் கதையை மேடைகளில் விரித்துரைத்தவன் நான்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பனி உருகி மண் இளகியதும், மே மாதத்தில் அடக்கம் என்று நாளும் குறித்தார்கள். அறக்குழுவின் செயலாளர் எண்பது வயது மூதாட்டி. அவரே தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். பென்சில் கோட்டைப் பார்த்தும் தயவு காட்டினார்கள் என்றே இவர் எண்ணிக்கொண்டார். என் மருமகளுக்கு ஒரு தட்டு நிறைய அச்சுமுறுக்கு வந்தது. அந்த ஒரு மாதம் அவர் நடையில் ஓர் இளமை இருந்தது.

ஆனால் தேடுவதை நிறுத்தவில்லை.

"அதான் ஒத்துக்கிட்டாங்களேம்மா, இன்னும் என்ன?" என்றேன்.

"அவங்க ஒத்துக்கிட்டாங்க. நான் இன்னும் பாக்கலயே."

ஏப்ரலில் ஒரு முற்பகல், அவர் என் மகன் வீட்டுக்கு வந்து, குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல், ஒரு நகலை என்முன் வைத்தார். குழி வெட்டும் பணியாளர் ஒருவர் அக்காலத்தில் வைத்திருந்த குறிப்பேட்டின் பக்கம் அது. ஒரு வரியின்மேல் அவர் விரல் நின்றது. வில்லியமின் பிள்ளை ஜோசப், வயது நான்கு மாதம்.

ஞானஸ்நானப் பதிவில் நாங்கள் கண்ட பிள்ளை உழவராக வளரவேயில்லை.

"வேற ஒரு பிள்ளை பொறந்து, அதுக்கும் ஜோசப்புன்னே வச்சிருப்பாங்க" என்றேன். "எறந்த பிள்ளை பேர அடுத்த பிள்ளைக்கு வைக்கது இவங்க வழக்கம்தான? நாமளே எத்தன குடும்பத்துல பாத்தோம்."

"இருக்கலாம்."

"அப்ப இது எதுக்கு? யாரும் கேக்கல. இந்தத் தாள யாரும் பாக்கப் போறதும் இல்ல."

"நான் பாத்துட்டேனே அண்ணாச்சி."

"மே மாசம் முடியட்டும். அவர் போய்ச் சேரட்டும். அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் காட்டுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அப்பக்கத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இப்படிப் பேசுகிறாரே என்ற வியப்பு மட்டுமே இருந்தது. "வாரீகளா? அந்தம்மா வீட்டுக்குப் போணும்" என்றார்.

போனேன். வழியிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

செயலாளர் மூதாட்டி தேநீர் வைத்தார். எங்கள் விண்ணப்பக் கோப்பினை எடுத்துவந்து திறந்தார். இவர் குழிவெட்டியின் பக்கத்தைக் கொடுத்து, பென்சில் கோட்டைச் சுட்டுவதற்காகத் தாளின்மேல் குனிந்தார். அப்படியே நின்றார். எட்டுக் கோடுகளும் கறுப்பாயிருந்தன. பத்திர அலுவலகத்தில் பழகிய என் வளைவெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். ஓராண்டாக அருகமர்ந்து பார்த்த கை.

"அண்ணாச்சி, இது உங்க கை" என்றார் தமிழில், மெதுவாக.

"நகல்ல விழல அம்மா" என்றேன்.

அவர் மூதாட்டியின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: இந்தக் கோட்டை நான் போடவில்லை. மேல்தாளில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. ஆகவே பிழையும் என்னுடையது.

மூதாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீ பேசாமல் இருந்திருக்கலாமே என்று அவரும் சொன்னார். அதைக் கேட்டு எனக்குத் தலைநிமிரக் கூசியது. இரண்டாவது ஜோசப் பிறந்ததற்கு ஒரு தாள் கொண்டுவந்தால் கோப்பை மறுபடி திறப்போம். அதுவரை விதியை மீற அறக்குழுவுக்கு உரிமையில்லை என்றார். மே மாத நாளை நாட்குறிப்பில் அடித்தார்.

திரும்பும்போது காரில் அவர் சொன்னது ஒன்றே: "பெல்ட்டப் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி."

வைதிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கார் வாசலில் வந்து நின்றது. நான் என் அறையிலிருந்த மூலத் தாளை எடுத்துக்கொண்டு ஏறினேன். மையை அழிக்க முடியாது. அவர் புதிய பெருந்தாள் ஒன்றில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார். ஏழு கோடுகள் மையில், ஒன்று பென்சிலில். மன்னிப்புக் கேட்க நான் வாய் திறந்த ஒவ்வொரு முறையும் சுருளைச் சுழற்றி, "இது என்ன எழுத்து, பாருங்க" என்று கேட்டார்.

இரண்டாவது ஜோசப்பை நாங்கள் நான்கு ஆண்டுகள் தேடினோம். பிறந்திருந்தால் பிறந்திருக்கக்கூடிய அந்தப் பத்தாண்டுப் பதிவேடு, தேவாலயம் தீப்பற்றிய நாளில் போய்விட்டது என்பதை முதலாண்டிலேயே அறிந்துகொண்டோம். அறிந்தபின் தேடிய மூன்றாண்டுகளுக்கு எதுவும் பொருளில்லை. வரிப் பட்டியல்களில் ஜோசப்புகள் வந்தார்கள்; போர்ப்படைப் பட்டியலில் வந்தார்கள்; கடன்காரராக, சாட்சியாக, காணாமற்போன மாட்டுக்கு உரியவராக வந்தார்கள். வில்லியமின் மகன் என்று எவரும் வரவில்லை. நான் கோயிலில் விளக்கேற்றினேன். அவர் தம் சபையில் ஜெபத்துக்குச் சொல்லவில்லை. காரணம் கேட்டதற்கு, "கிடைக்கணும்னு கேட்டா, கிடைக்காதது கிடைச்ச மாதிரி தெரிய ஆரம்பிச்சிரும்" என்றார்.

பிறகு அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நோய் இன்னது என்று மருத்துவர்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். படம் எடுத்து அவர்கள் உறுதி செய்யும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. தாள்களையெல்லாம் கவுண்டி நூலகத்துக்குக் கொடுத்தார். அங்கே அதை 'மெய்ப்பிக்கப்படாத வம்சாவளி' என்ற பெட்டியில் வைத்தார்கள். தலைப்பு சரியாயிருக்கிறது என்றார். ஊராட்சிப் பொதுக் கல்லறையில், நெடுஞ்சாலைப் பக்கம், ஓரிடம் வாங்கி, தம் சவப்பெட்டிக்குள்ளேயே கணவரின் சாம்பலையும் வைக்கும்படி எழுதிக் கையெழுத்திட்டார். கணவருக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை என்பதை அவர் எந்தச் சொல்லாலும் மெழுகவில்லை. "முடியல அண்ணாச்சி" என்றார்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில் அவர் இறந்தார். பிள்ளைகள் இல்லை. இந்த நாட்டில் உறவென்று எவரும் இல்லை. மருத்துவமனைப் படிவத்தில் என் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தந்திருந்தார். எனவே அடக்க நிலையத்தார் இறப்புச் சான்றுக்கான விவரங்களுக்கு என்னை அழைத்தார்கள். மேசைக்கு அப்பால் இருந்த பெண்மணி இறந்தவரின் ஊரைக் கேட்டார், சொன்னேன். தொழிலைக் கேட்டார்; கணவர் பெயரைக் கேட்டார். அவர் கணவரின் பாட்டனார், பூட்டனார், அதற்கும் மேலே கப்பலேறி வந்தவர் வரை என்னால் சொல்லியிருக்க முடியும்.

"தந்தையின் பெயர்?"

ஏழாண்டுகள் அருகமர்ந்து படித்திருக்கிறேன். அந்தக் கேள்வியை ஒருநாளும் நான் அவரிடம் கேட்கவில்லை.

"தெரியாது."

"தாயின் பெயர்?"

அந்தப் பெண்மணியின் விரல்கள் விசைப்பலகைமேல் காத்திருந்தன. ஏதோ ஒரு பெயரைச் சொன்னால் அது எவருக்கும் தீங்கில்லை. சரிபார்க்க எவரும் வரப்போவதில்லை.

"தெரியாது" என்றேன். இரண்டு கட்டங்களிலும் அவர் அவ்வாறே பதித்து, தாளை என் பக்கம் திருப்பினார். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.